சட்டி உள்ளூர், அரிசி வெளியூர்

பகல் பதினொன்றரை ஆனதும் ராபாயேல் பாபே தெருவில் சாப்பாட்டுப் பெட்டி விற்கும் கடைகளுக்கு முன்னால் ஆட்கள் சேர ஆரம்பித்துவிடுவார்கள். கடை என்றால் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதற்குப் பின்னால் நாலைந்து பெரிய அலுமினியச் சட்டிகள், கரண்டியோடு ஒரு பெண்மணி. அவ்வளவுதான். பெட்டியை இடது கையில் எடுத்து, பாதிக்கு மேல் சோற்றைப் போட்டு அமுக்குகிறார். அதன் தலையில் ஒரு கரண்டி சிவப்பு பீன்ஸ். ஓரத்தில் கோழிக் கறி. கடைசியாக, சின்னக் கிண்ணத்தில் இடித்த தக்காளி. பிறகு நிமிர்ந்து பார்த்து, "பிமான்?" என்று கேட்கிறார். மிளகாய் வேண்டுமா என்று பொருள். சரி என்றால் பச்சை விழுது ஒரு துளி விழும். பெட்டியை மூடி ரப்பர் வளையம் மாட்டிக் கொடுத்துவிடுவார். பத்து யூரோவுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். ஒரு மணிக்கு மேல் போனால் சட்டி காலி.

ரீயூனியன் தீவின் தென்கோடியில் இருக்கும் சேன் ஜோசப் நகராட்சியில் வெளியே சாப்பிடுவது என்றால் பெரும்பாலோருக்கு இதுதான். இந்தப் பெட்டிக்கு 'பர்கெத்' என்று பெயர். உணவகத்தைத் தேடிப் போகிற பயணிகளுக்கு இது உணவாகவே கண்ணில் படுவதில்லை. படாததால், ஊரைவிட்டுப் போகும்போது "இங்கே நல்ல சாப்பாட்டுக் கடை குறைவு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றியது இந்தக் கட்டுரை. ஒரு தீவு ஊரின் உணவு எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, அதில் 'உள்ளூர்' என்று சொல்லத்தக்கது எது என்பதே கேள்வி.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன், 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். அங்கே புழங்குவது யூரோ. சேன் ஜோசப் 1785இல் உருவான ஊர். ஐரோப்பிய ஒன்றியத்தின் நகராட்சிகளில் தெற்கே கடைசி இதுதான் என்பதில் ஊர்க்காரர்களுக்குப் பெருமை உண்டு. மக்கள்தொகை நாற்பதாயிரத்தை ஒட்டி வரும். ஆனால் நகராட்சி என்றதும் நாம் நினைக்கிற நாலு தெருவும் ஒரு பேருந்து நிலையமும் அல்ல. அதன் எல்லை கடற்கரைக் கருங்கல்லில் தொடங்கி, கரும்புக் காட்டைத் தாண்டி, ஆழமான ஆற்றுப் பள்ளத்தாக்குகளைப் பிளந்துகொண்டு, இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலே எரிமலைப் பொட்டல் வரை போகிறது. கீழே வியர்க்கும்போது மேலே கம்பளி தேவைப்படும். ஒரே நகராட்சிக்குள் பலா, மஞ்சள், தேயிலை, ஜெரேனியம் எல்லாம் விளைகின்றன. கிரான் கூத் என்ற குக்கிராமம் இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு இடையே ஒரு முதுகெலும்பு போன்ற மேட்டில் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் கைவிட்டுப்போன தேயிலையை அங்கே மறுபடி கிள்ளுகிறார்கள்.

இத்தனை விளைந்தும் தட்டில் வருவது என்னவோ ஒரே அமைப்புதான். அதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். சோறு, 'கிரேன்', கறி, 'ருகாய்' என்ற நான்கும் சேர்ந்ததுதான் சாப்பாடு. கிரேன் என்பது பருப்பு வகை: சிவப்பு பீன்ஸ், மொச்சை போன்ற காப் பட்டாணி, துவரை, மைசூர்ப் பருப்பின் உறவினரான சிறு பயறு. கறி என்பது குழம்போடு வேகவைத்த இறைச்சி, மீன் அல்லது காய். ருகாய் என்பது பச்சையாக இடித்த தொடுகறி. இவற்றோடு 'ப்ரெத்' என்ற கீரையும் சேர்ந்தால் விருந்து. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் ஊர்க்காரர் சாப்பிட்டதாக ஒப்புக்கொள்ள மாட்டார். பெட்டியில் அடைத்தாலும், ஆற்றங்கரையில் இலையில் வைத்தாலும், விருந்தினர் வீட்டில் பீங்கான் தட்டில் வந்தாலும் இந்த வரிசை மாறுவதில்லை.

இங்கே தமிழ்க் காது விழித்துக்கொள்ளும். கறி நம் கறிதான். ருகாய் என்பது ஊறுகாய். கறிவேப்பிலைக்கு அங்கே 'கலுபிலே'. கொத்தமல்லிக்கு 'கொத்தோமிலி'. முருங்கைக்கு 'மூருங்'. ரசத்துக்கு 'ராஸோன்'. ஆட்டுக்கறியில் போடும் பொடிக்கு 'மசாலே'. இடிக்கும் உரல்கல்லுக்கு 'பிலோன் கலு'. அந்தக் கலு நம் கல்லு. 19ஆம் நூற்றாண்டில், 1848இல் அடிமை முறை ஒழிந்த பிறகு பெருமளவிலும், அதற்கு முன்னரே கொஞ்சமாகவும், புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைமுகங்கள் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் கொண்டுபோன சொற்கள் இவை. அவர்களுக்கு அரிசி, பருப்பு, கருவாடு, உப்பு என்று தோட்ட முதலாளி படி அளக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். தீவின் தட்டில் சோறும் பருப்பும் இவ்வளவு அழுத்தமாக உட்கார்ந்ததில் அந்தப் படிக்கு ஒரு பங்கு உண்டு. தமிழ் வழி வந்தவர்களை அங்கே 'மல்பார்' என்பார்கள். மலபாரிலிருந்து வந்தவர்கள் அல்லர். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சொற்பட்டியலைப் பார்த்ததும் நம்மில் பலருக்கு மார்பு விம்மும். "எல்லாம் நம்மிடமிருந்து போனது" என்று எழுதிவிட்டு வந்துவிடுவோம். சட்டியைத் திறந்து பார்த்தால் விஷயம் வேறு. அங்கே கோழிக் கறி வைக்கும் முறையைக் கவனியுங்கள். எண்ணெய் காய்ந்ததும் முதலில் போவது கடுகும் அல்ல, வெங்காயமும் அல்ல; கோழித் துண்டு. அது நன்றாகச் சிவந்து சட்டியின் அடியில் ஒட்டும்வரை புரட்டுகிறார்கள். பிறகுதான் வெங்காயம். பூண்டையும் இஞ்சியையும் உப்போடு இடித்துப் போட்டு, மஞ்சள் தூவி, தக்காளியைச் சேர்த்து, ஒரு கொத்து தைம் இலையைக் கிள்ளிப் போட்டு மூடிவிடுகிறார்கள். தேங்காய் இல்லை, புளி இல்லை, தாளிப்பு இல்லை. காரமும் இல்லை, மிளகாய் தனியே பக்கத்தில் வரும், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். தைம் பிரான்சிலிருந்து வந்தது. ருகாயில் சீவிப் போடும் கொம்பாவா எலுமிச்சை தென்கிழக்காசியாவுக்கு உரியது. கீரையைச் சோற்றோடு ஓயாமல் தின்னும் பழக்கம் மடகாஸ்கரிலும் ஓங்கியிருக்கிறது. ஊறுகாய் என்ற பெயரைச் சுமக்கும் ருகாய்கூட ஊறுவதே இல்லை. அது சாப்பிடும் நேரத்தில் இடித்த துவையல். உண்மையில் ஊறவைத்ததற்கு அங்கே 'அஷார்' என்று பெயர். பன்றி இறைச்சித் தொத்திறைச்சியைத் தக்காளியில் வேகவைத்து அதற்கும் ருகாய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தீவின் மிகப் புகழ்பெற்ற உணவு அதுதான். அதைச் சாப்பிட்டுவிட்டு 'ஊறுகாய்' என்று எந்தத் தமிழரும் சொல்ல மாட்டார்.

பெயர் நம்முடையது, பதார்த்தம் அவர்களுடையது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நம்மிடமிருந்து கிட்டத்தட்ட மாறாமல் போனது எது என்று கேட்டால் இரண்டைச் சொல்வேன். ஒன்று ஆட்டுக்கறி மசாலே. அதில் வெந்தயம், சீரகம், மல்லி, கறிவேப்பிலை, புளி எல்லாம் உண்டு. மற்றொன்று மாரியம்மன், காளி கோயில் விழாக்களில் வாழையிலையில் கையால் சாப்பிடும் சைவச் சாப்பாடு. விழாவுக்கு முன் விரதம் இருக்கும் நாட்களுக்கு 'கரேம்' என்று பெயர். கிறிஸ்தவரின் தவக்காலச் சொல்லைத் தூக்கி மாரியம்மனுக்குக் கொடுத்துவிட்டார்கள். இவை இரண்டும் உணவகப் பட்டியலில் குறைவாகவும் வீட்டிலும் கோயிலிலும் நிறைவாகவும் இருக்கின்றன. மேலும் ஒன்று: தமிழ் வழியினர் அடர்த்தியாக இருப்பது வடகிழக்கில் சேன் ஆந்த்ரே பக்கம். சேன் ஜோசப்பின் மலைக்காடுகளில் குடியேறியவர்களில் ஏழை வெள்ளையர் அதிகம். அவர்களுக்கு அரிசி எட்டாத காலத்தில் மக்காச்சோளக் கூழ்தான் சாப்பாடு. 'சோசோ மயிஸ்' என்று அதை இன்றும் ஆசையாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அதற்கும் முந்தைய அடிமைகளின் உணவான மரவள்ளியைத் தீவுகளில் பரப்பியவர் ஆளுநர் மாஹே தெ லா பூர்தொனே. 1746இல் கப்பலோடு வந்து சென்னையைப் பிடித்தவரும் அவரேதான். இப்போது மரவள்ளி அங்கே கேக்காகி, மாலைத் தேநீருக்குத் துணையாகிவிட்டது.

சீனர் பங்கையும் விட்டுவிடக் கூடாது. குவாங்துங் பக்கத்திலிருந்து வந்த சீனர் வைத்த மளிகைக் கடைகள்தான் மலைக் கிராமங்களில் அரிசியையும் எண்ணெயையும் கடனுக்குக் கொடுத்தன. அவர்கள் தந்த 'புஷோன்' என்ற ஆவியில் வெந்த இறைச்சி உருண்டையை இன்று ஊரே தின்கிறது. நீள ரொட்டியைப் பிளந்து, புஷோனை அடுக்கி, மேலே பாலாடைக்கட்டியை உருக்கி ஊற்றித் தரும் ரொட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தேசிய உணவு. குஜராத்தி முஸ்லிம்கள் தந்தது சமூசா. அருகிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் 'பொன்போன் பிமான்' என்று ஒரு பண்டம் இருக்கும். காப் பட்டாணியை அரைத்து மிளகாயும் கொத்தமல்லியும் போட்டுப் பொரித்தது. நடுவில் ஓட்டை. வடை என்று சொன்னால் கடைக்காரர் சிரிப்பார்; நமக்கும் அவருக்கும் வேறுபாடு பட்டாணியில் மட்டும்தான்.

சரி, கடலுக்கு வருவோம். கடலோர ஊர் என்றதும் மீன் குவிந்திருக்கும் என்று நினைப்போம். சேன் ஜோசப்பில் அப்படி இல்லை. தீவின் மேற்குக் கரையைப் போல இங்கே பவளத் திட்டு வளைத்த அமைதியான நீர் கிடையாது. எரிமலைக் கருங்கல் நேராகக் கடலில் இறங்குகிறது. அலை அதன்மேல் வந்து அறைகிறது. மனாபனியில் பாறைகள் சூழ்ந்த ஒரு குளம் போன்ற இடத்தில் குளிக்கலாம். லான்ஜவேன் போன்ற இடங்களில் 'மரீன்' எனப்படும் சிறு படகுத்துறைகள் உண்டு. சூரையும் வாளைக்கொம்பனும் பிடிக்கப் படகுகள் வெகுதூரம், கடலில் நங்கூரமிட்டு மிதக்கவிட்ட மீன்திரட்டிகள் வரை போக வேண்டியிருக்கிறது. கிடைக்கிற மீன் கொஞ்சம், விலை அதிகம். ஆகவே ஏழையின் சட்டியில் மீன் வந்தது கருவாடாக. அதுவும் உள்ளூர்க் கருவாடு அல்ல. வட அட்லாண்டிக்கில் பிடித்து உப்பிட்ட காட் மீனும், தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் 'ஸ்னூக்' மீனும்தான் இங்கே ருகாய் ஆகின்றன. வாசலில் பெருங்கடலை வைத்துக்கொண்டு இன்னொரு கடலின் கருவாட்டைத் தின்ற ஊர் இது.

கடலையும் மலையையும் நிஜமாகவே ஒட்டவைக்கிற உணவு ஒன்று தீவில் உண்டு. 'பிஷீக்' என்பார்கள். ஊசி அளவு மீன்குஞ்சு. இதன் தாய்மீன் மலையாற்றில் வாழ்கிறது. முட்டை பொரிந்ததும் குஞ்சு நீரோட்டத்தில் கடலுக்கு அடித்துச் செல்லப்படுகிறது. சில மாதம் கழித்து முகத்துவாரத்துக்குத் திரளாகத் திரும்பி வந்து, உறிஞ்சி ஒட்டும் வாயாலும் வயிற்றாலும் பாறையைப் பற்றி அருவியில் ஏறுகிறது. ஏறுவதற்கு முன் அதைப் பிடிப்பதற்காகக் கல்லை அடுக்கி வாய்க்கால் கட்டி, பின்னிய கூடைப் பொறியை வைத்துக் காத்திருக்கிறார்கள். கிழக்குக் கரை ஆறுகளில்தான் இது அதிகம். பிஷீக் கறி ஒரு தட்டு சாப்பிடுவதை வசதியின் அடையாளமாக நினைக்கிறார்கள். கிலோ பல பத்து யூரோ போகும். அதனால் ஆசியாவிலிருந்து உறையவைத்த மாற்றுக் குஞ்சும் வருகிறது. பட்டியலில் பிஷீக் என்று கண்டால் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் தவறில்லை. பருவம் இல்லாத மாதத்தில் பதில் கொஞ்சம் தயங்கித்தான் வரும்.

ஆக, இந்த ஊர் கடலை எதிரே வைத்துக்கொண்டு மலையிலிருந்து சாப்பிடுகிறது. நல்ல உணவைத் தேடுகிறவர் மேல்நோக்கி நடக்க வேண்டும்.

மேலே போனால் பிளேன் தே கிரேக் வரும். மலைகள் வளைத்த ஒரு சிறு கிண்ணம். தீவின் மஞ்சள் என்றால் இந்த ஊர்தான். மஞ்சளுக்குத் தீவு வழக்கில் 'சப்ரான்' என்றே பெயர். குங்குமப்பூவின் பெயர் மஞ்சளுக்கு வந்துவிட்டது. உள்ளூரில் விளைந்தது எதுவானாலும் பின்னால் 'பேயி' என்று ஒட்டு போடுவார்கள். நாடு, ஊர் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் கிரியோல் வடிவம். நம் நாட்டுக்கோழியில் வரும் 'நாட்டு' மாதிரி. பூண்டு பேயி, கோழி பேயி, சப்ரான் பேயி. சந்தையில் நாலா பக்கமும் பேயி பேயி என்று கேட்கும்; தமிழர் முதலில் கொஞ்சம் திடுக்கிடலாம். மஞ்சள் கிழங்கைத் தோண்டி, கழுவி, மெல்லிசாகச் சீவிக் காயவைத்து அரைக்கிறார்கள். ஈரோட்டில் செய்வதுபோல் வேகவைத்து மெருகேற்றுவது இங்கே வழக்கம் இல்லை. பொடி அதனால் கொஞ்சம் கரகரப்பாகவும், மணம் பச்சையாகவும் இருக்கும். சின்ன ஒரு மஞ்சள் அருங்காட்சியகமும் ஊரில் இருக்கிறது. விளைவிப்பவர்கள் சில குடும்பங்கள்தான். தீவு முழுக்கக் கறி மஞ்சளில்லாமல் வேகாது என்பதையும் இந்தச் சில குடும்பங்களின் நிலத்தையும் சேர்த்துப் பார்த்தால், கடைகளில் விற்கிற மஞ்சளில் பெரும்பங்கு வெளியிலிருந்து வருவதில் வியப்பில்லை.

பக்கத்து நகராட்சியான பெத்தீத் ஈல் பூண்டுக்குப் பேர்போனது. இன்னொரு பக்கத்தில் சேன் பிலிப்பில் தாழையின் பிஞ்சுக் காயை 'பிம்பிம்' என்று சமைக்கிறார்கள். வனிலாவும் அங்கே காட்டு நிழலில் கொடியேறுகிறது. பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்த்தாலொழிய வனிலா காய்க்காது. அதை எளிதில் செய்யும் முறையை 1841இல் கண்டுபிடித்தவன் இந்தத் தீவின் சேன் சுசானில் இருந்த எத்மோன் அல்பியூஸ் என்ற அடிமைச் சிறுவன். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. வாத்தை வனிலாவோடு வேகவைக்கும் கறி இன்று தென்பகுதி உணவகங்களின் பெருமைப் பண்டம். ஊர் வீடுகளில் இதைத் தினமும் சமைப்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

வீடுகளில் சமைப்பது வேறு. பிஞ்சுப் பலாவைப் பொடியாகக் கொத்தி, புகையில் வாட்டிய பன்றி இறைச்சியோடு வேகவைப்பார்கள். வாழைப்பூவையும் அதேபோல. அதற்கு 'பாபா பிக்', வாழைக் குழந்தை, என்று பெயர். சௌசௌவை அவர்கள் 'ஷூஷூ' என்கிறார்கள். காயைவிட அதன் கொடிநுனிக்குத்தான் மதிப்பு. சுருள் சுருளான தளிரை, நாரை உரித்து, பூண்டும் உப்பும் போட்டு வதக்கிச் சோற்றின்மேல் வைக்கிறார்கள். நாம் சௌசௌவைக் கூட்டுக்கு வாங்கிவிட்டுக் கொடியை மாட்டுக்குப் போடுகிறோமே என்று இதைத் தின்றபின் தோன்றும்.

இந்த உணவு எங்கே கிடைக்கும் என்பதற்கு வருகிறேன். தீவுக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல் வருகிறார்கள். பெரும்பாலோர் ஐரோப்பிய பிரான்சிலிருந்து. அவர்கள் தங்குவது மேற்குக் கரை மணலில். தெற்குப் பகுதிக்கு 'காட்டுத் தெற்கு' என்று விளம்பரப் பெயர் வைத்து, ஒரு பகல் சுற்றிக்காட்டி, மாலையில் திரும்பிப் போகிறார்கள். அதாவது சேன் ஜோசப்புக்கு வருகிறவர் பகல் சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறார். உணவகங்களும் அதற்கேற்றபடிதான் நடக்கின்றன. பன்னிரண்டு முதல் இரண்டு வரை அடுப்பு எரியும். இரவில் திறந்திருக்கும் கடையை எண்ணிவிடலாம். ஞாயிறு இரவும் திங்களும் பட்டினி கிடக்க வேண்டியதுதான். பிட்சா வண்டி ஒன்று எங்காவது கிடைத்தால் அதிருஷ்டம். "நல்ல கடை குறைவு" என்ற பேச்சின் பாதி உண்மை இது.

லான்ஜவேன் ஆற்றின் அடிவாரத்தில் வரிசையாக உணவகங்கள் இருக்கின்றன. விறகடுப்பில் வைத்த கறி என்று எழுதிப் போட்டிருப்பார்கள். பல இடங்களில் அது உண்மையும்கூட. சுவை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைகளில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர், வெளியே ஆற்றோரம் நடப்பதைப் பார்த்தால் தான் தவறான பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை உணர்வார்.

விடியும் முன்னரே குடும்பத்தில் ஒருவர் போய் மரத்தடியில் தார்ப்பாயைக் கட்டி இடம் பிடித்துவிடுகிறார். எட்டு மணிக்குள் வண்டிகள் வருகின்றன. மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு. வீட்டில் மூன்று தலைமுறை பார்த்த கனமான சட்டி, கைப்பிடியில் துணி சுற்றி இறங்குகிறது. அரிசிக்குத் தனிச் சட்டி. பெரியவர் ஒருவர் தீயைத் தள்ளுவதும் இழுப்பதுமாக இருப்பார், இன்னொருவர் உரலில் மிளகாய் இடிப்பார், பிள்ளைகள் ஆற்றில். பழம், இலை, பட்டை ஊறிய 'ரும் அராஞ்ஜே' என்ற ரம் சாடி நடுவில் சுற்றி வரும். பன்னிரண்டரைக்குச் சட்டியைத் திறக்கும்போது ஆற்றங்கரை நெடுக ஒரே புகை, ஒரே மணம். சாலையில் வண்டி நகராது. நகராட்சிக்குக் குப்பை அள்ளுவது பெரும்பாடு. இதுதான் இந்த ஊரின் மிகப் பெரிய உணவகம். பட்டியல் கிடையாது, பணம் கிடையாது, உங்களுக்கு இடமும் கிடையாது, யாராவது கூப்பிட்டாலொழிய. கூப்பிடுவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஊர்க்காரர்கள் உணவகத்தில் கறி சாப்பிடாததற்குக் காரணம் கஞ்சத்தனம் அல்ல. வீட்டுச் சட்டியைவிட நல்ல சட்டி உலகில் இல்லை என்று ஒவ்வொருவரும் உறுதியாக நம்புகிறார்கள். வெளியே காசு கொடுத்துச் சாப்பிட வேண்டுமென்றால் வீட்டில் செய்யாததைத்தான் தேடுவார்கள்: சீனச் சாப்பாடு, பிட்சா, வறுத்த மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும். ஆகவே கறி உணவகம் பயணிகளை நம்பி நிற்கிறது. பயணிகள் காரத்துக்கும் எலும்புக்கும் அஞ்சுகிறவர்கள். சமையல் அவர்களுக்கேற்ப மெல்ல இளகுகிறது. பர்கெத் கடை அப்படி இளக முடியாது. அதன் வாடிக்கையாளர் கொத்தனார், ஆசிரியை, பேருந்து ஓட்டுநர். வீட்டில் எப்படி இருக்கும் என்று நாக்கில் அளவுகோல் வைத்திருப்பவர்கள். சோறு குழைந்தால் மறுநாள் வர மாட்டார்கள். பெட்டியில் வரும் உணவுதான் இந்த ஊரில் கண்டிப்பாகக் காக்கப்படும் உணவு என்பது என் துணிபு.

இவை இரண்டுக்கும் நடுவில் 'தாப்ள் தோத்' இருக்கிறது. வீட்டுக்காரர் தன் வீட்டு மேசையில் விருந்தினருக்குப் பரிமாறுவது. பிரெஞ்சுச் சட்டப்படி அது அந்த வீட்டில் தங்குகிறவர்களுக்கானது. தீவில் சாப்பாட்டுக்கு மட்டும் கேட்டாலும் பல வீடுகளில் இடம் கிடைக்கும். முதல்நாளே சொல்லிவிட வேண்டும். தேர்ந்தெடுக்க ஒன்றும் இருக்காது. சமைத்ததைச் சாப்பிட வேண்டும். ரம்மும் சமூசாவும் முதலில். பிறகு சௌசௌவைப் பாலாடைக்கட்டியோடு சுட்ட கிராத்தேன். அப்புறம் இரண்டு கறி, சோறு, கிரேன், ருகாய். கடைசியில் சர்க்கரைவள்ளிக் கேக். வீட்டுக்காரரும் கூடவே உட்கார்ந்து பேசுகிறார். எந்தத் தோட்டத்துப் பூண்டு, யார் வளர்த்த வாத்து என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். உள்ளூர் விளைச்சல் தட்டில் வர வேண்டும் என்றால் அதற்கு இந்த வகையே வழி. ரெம்பார் ஆற்றுப் படுகை வழியே நடந்தோ நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியிலோ போகக்கூடிய ரோஷ் பிளாத் குக்கிராமத்தில்கூட இப்படிச் சாப்பிடலாம். அங்கே அரிசி மூட்டை எப்படி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே சாப்பிடுவோம்.

அரிசி. அதில்தான் எல்லாம் வந்து முட்டுகிறது. நான்கில் முதலாவதான சோறு தீவில் விளைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆசியாவிலிருந்து கப்பலில் வருகிறது. பருப்பில் மலைப்பள்ளத்தாக்கான சிலாவோசின் சிறு பயறு உசத்தி, ஆனால் விலை கட்டுப்படியாகாது. பெட்டியில் விழுவது இறக்குமதி. கோழிக் காலும் சிறகும் ஐரோப்பாவிலிருந்து உறைந்து, உள்ளூர்க் கோழியைவிட மலிவாக வந்து இறங்குகின்றன. தீவின் விவசாய நிலத்தில் பாதிக்கு மேல் கரும்பு. மிச்சத்தில் விளையும் தக்காளியும் கீரையும் ஒரு புயல் அடித்தால் தரையோடு போகும். அடுத்த சில வாரங்களுக்கு ருகாய் ஆடம்பரமாகிவிடும். 2024 ஜனவரியில் பெலால் புயல், 2025 பிப்ரவரியில் காரன்ஸ் புயல். 2018 நவம்பரில் விலைவாசியை எதிர்த்து மஞ்சள் சட்டைக்காரர்கள் சாலைகளை மறித்தபோது கடை அலமாரிகள் காலியானதைத் தீவு மறக்கவில்லை. பிரெஞ்சு அரசின் புள்ளிவிவர நிறுவனம் 2022இல் கணக்கெடுத்தபடி உணவுப் பொருள்களின் விலை ஐரோப்பிய பிரான்சைவிட ரீயூனியனில் 37 விழுக்காடு அதிகம். இறக்குமதியின்மேல் விழும் 'கடல் தீர்வை' ஒரு காரணம். தூரமும், சில கைகளில் இருக்கும் மொத்த வணிகமும் மற்ற காரணங்கள். இவ்வளவு விலையிலும் பர்கெத் பத்து யூரோவைத் தாண்டாமல் நிற்கிறதென்றால், அதற்குள் இருக்கும் கோழி 'பேயி' அல்ல என்பதே அதன் ரகசியம்.

பிறகு எதை வைத்து உள்ளூர் என்பது? பொருளை வைத்துப் பார்த்தால் பெட்டியில் உள்ளூர் என்று சொல்ல மிளகாயும் தைமும் தக்காளியும் கொஞ்சம் கீரையும்தான் மிஞ்சும். சமையலை வைத்துப் பார்த்தால் முழுப் பெட்டியும் உள்ளூர். இறைச்சியை முதலில் சிவக்கவிடுவதும், காரத்தைத் தனியே வைப்பதும், நான்கையும் ஒன்றாகச் சேர்ப்பதும் வேறெங்கும் இந்த வரிசையில் கிடையாது. நான் இரண்டாவது கணக்கின் பக்கம்தான். ஆனால் அந்தக் கணக்கு மட்டும் போதும் என்று விட்டுவிட்டால் பிளேன் தே கிரேக்கில் மஞ்சள் தோண்ட ஆள் இருக்க மாட்டார்கள். 'உள்ளூர்ச் சமையல்' என்று பலகை மாட்டும் உணவகம் மஞ்சளையும் பூண்டையுமாவது பக்கத்து மலையிலிருந்து வாங்க வேண்டும். வாங்கியதைப் பலகையில் எழுத வேண்டும். வனிலா வாத்துக்கு வாங்கும் விலையில் அது ஒரு செலவே அல்ல. இன்னொன்றும் உண்டு. தீவில் நீரிழிவு ஐரோப்பிய பிரான்சைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. பெட்டியில் சோற்றை அமுக்குகிற கரண்டி, கீரைப் பக்கமும் கொஞ்சம் போகலாம்.

போகிறவர்களுக்கு: பர்கெத் கடைக்குப் பன்னிரண்டு மணிக்குள் போய்விடுங்கள். தாப்ள் தோத்துக்கு முதல்நாளே சொல்லுங்கள். சைவம் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்; பீன்ஸிலும் கீரையிலும்கூடப் புகையில் வாட்டிய பன்றி இறைச்சி கிடக்கும். "கரேம்" என்ற ஒரு சொல் போதும், புரிந்துகொள்வார்கள்.